அவ்வை வேடம் கட்டிய அண்ணாச்சி

கேள்வி இது: சென்னையில் பழைய ஆட்கள் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்று சொல்லும் தெருவுக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். 1996இல் வந்த கமல்ஹாசன் படத்தின் தலைப்பும் அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான். யார் இந்தச் சண்முகம்? ஓர் ஆண் நடிகர் பெயருக்கு முன்னால் அவ்வை எப்படி வந்து ஒட்டிக்கொண்டாள்? அவ்வளவு பெரிய நடிகர் என்றால் சினிமா பற்றிப் பேசும்போது ஏன் அவர் பெயர் அடிபடுவதில்லை?

கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் இந்த மனிதரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய வாத்தியாரிடமிருந்து தொடங்க வேண்டும். சண்முகமும் தன் கதையை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

டி.கே. சண்முகம் 1912 ஏப்ரல் 26இல் பிறந்தவர். டி என்பது திருவனந்தபுரம், கே என்பது அப்பா கண்ணுசாமிப் பிள்ளை. கண்ணுசாமிப் பிள்ளையே நாடக நடிகர், பெண் வேடம் கட்டியவர். பிள்ளைகள் நான்கு பேர்: சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. பின்னாளில் நால்வரையும் சேர்த்துத்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடு முழுக்கச் சொன்னார்கள்.

1918இல் மதுரையில் ஒரு பாலர் நாடக சபை தொடங்குகிறது. பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. அதன் ஆசிரியர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். இந்தப் பெயரை 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியின் பெயராக மட்டும் கேட்டவர்கள் நிறைய இருப்பார்கள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரைச் சொல்வார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று இன்றைக்கும் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கிற நாடகங்களின் பாட்டும் கட்டமைப்பும் அவருடையது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர்.

அவர் ஏன் சிறு பையன்களைத் தேடிப் போனார் என்பது முக்கியம். அந்தக் காலத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒன்று இருந்தது. நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. யாருக்குக் குரல் பெரிது, யாருக்குச் சொல் சாமர்த்தியம் அதிகம் என்று அங்கேயே போட்டி மூண்டுவிடும். சத்தியவானும் சாவித்திரியும் கதையை விட்டுவிட்டுத் தர்க்கத்தில் இறங்கி, எதிராளியின் வாயை அடைப்பதிலேயே இரவைக் கழிப்பார்கள். ஜனங்களும் கைதட்டுவார்கள். நாடகம்தான் செத்துப்போகும். எழுதியதை எழுதியபடி பேசவும் பாடவும் ஆள் வேண்டும் என்றால், இன்னும் எந்தப் பழக்கமும் படியாத பிள்ளைகளிடம்தான் போக வேண்டும் என்று சுவாமிகள் கண்டார். அப்படி வந்ததுதான் பாய்ஸ் கம்பெனி. ஆறு வயது, ஏழு வயதுப் பையன்கள். விடியற்காலையில் பாட்டுப் பயிற்சி, பகலில் பாடம், இரவில் நாடகம், எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. சண்முகம் அந்தப் பந்தியில் உட்கார்ந்தபோது அவருக்கு ஆறு வயது.

அபிமன்யு சுந்தரி பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சின்னச் சண்முகத்தின் குரலையும் பேச்சையும் பார்த்த சுவாமிகள், இந்தப் பையன் அபிமன்யுவாக நிற்பதற்கென்றே ஒரு நாடகம் எழுத நினைத்தார். ஒரு ராத்திரி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது முழு நாடகமும் பாட்டும் வசனமுமாக முடிந்திருந்தது, அடித்தல் திருத்தல் இல்லாமல். தன் வாழ்நாள் முழுவதும் சண்முகம் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற அவருடைய தன்வரலாற்றைப் படித்தால் ஒன்று தெரியும். தன் பெருமையைச் சொல்கிற இடங்களைவிட வாத்தியார் பெருமையைச் சொல்கிற இடங்களில்தான் அவருடைய எழுத்து துள்ளுகிறது. சுவாமிகளைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் எழுதியும் பேசியும் வைத்ததால்தான் மிஞ்சியிருக்கிறது.

சுவாமிகள் ஏன் நடிப்பதை நிறுத்தினார் என்பதற்கும் சண்முகம் வழியாகவே ஒரு கதை உண்டு. எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் சுவாமிகள் வந்தால் கொட்டகையே நடுங்குமாம். அப்படி ஒரு வேடத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாம். அன்றோடு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு எழுதுவது, கற்றுக்கொடுப்பது என்று ஒதுங்கிக்கொண்டார் என்பார்கள்.

அந்த மனிதருக்குக் கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. எத்தனையோ பையன்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் அப்படிப் படுத்ததைக் கம்பெனிப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. சண்முகத்துக்கு அப்போது பத்து வயது.

1925இல் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. சண்முகத்துக்கு இன்னும் பதின்மூன்று நிரம்பவில்லை. அவருக்கு மேல் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள், சரி. ஆனால் கம்பெனி நடத்துவது என்றால் என்ன? ஐம்பது அறுபது பேருக்குத் தினமும் உலை வைக்க வேண்டும். சீன், படுதா, உடுப்புப் பெட்டிகளை ஊர் ஊராக வண்டியேற்ற வேண்டும். ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாம் போட்டு, வசூல் விழுந்தால் கடன் வாங்கி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அதோடு பையன்களின் குரல் வேறு ஒரு கவலை. இன்றைக்கு ராஜபார்ட் கட்டுகிறவன் நாளைக்கு மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்து நிற்பான். அவன் பாட்டுக்காகவே டிக்கெட் வாங்கிய ஊர் அவனைத் திரும்பியும் பார்க்காது. இந்தக் கண்டத்தைத் தாண்டி, குரலைவிட நடிப்பை நம்பிப் பிழைத்தவர்கள்தான் பிற்பாடு நிலைத்தார்கள்.

அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் இன்னொரு ஆசிரியர், எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. புராணத்தை விட்டு, அந்நாளில் ஜனங்கள் படித்துக்கொண்டிருந்த நாவல்களை மேடையேற்றியவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா அப்படித்தான் நாடகமானது. பாட்டைக் குறைத்து, வீட்டில் பேசுவதுபோல் மேடையில் பேச வைத்த பள்ளிக்கூடம் அது. 1930களின் தொடக்கத்தில் வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் ‘தேசபக்தி’ என்ற பெயரில் மேடையேறியது. கம்பெனியிலிருந்த நாகர்கோவில் பையன் ஒருவர் அதில் காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம், சினிமா. மேனகா 1935இல் படமானபோது ராஜா சாண்டோ இயக்கினார். டி.கே.எஸ். குழுவே போய் நடித்துவிட்டு வந்தது. கலைவாணர் திரையில் முகம் காட்டியதும் அதில்தான். சண்முகத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பேசும்படம் வந்து நான்கே வருஷம் ஆகியிருந்த நேரம். அப்படியே சென்னையிலோ சேலத்திலோ தங்கியிருந்தால் வரிசையாகப் படங்கள் வந்திருக்கும். அவர் திரும்பிக் கொட்டகைக்குப் போனார். அப்புறமும் இதே கதைதான். வங்காள நாவல் ஒன்றை அண்ணன் முத்துசாமி நாடகமாக்க, குமாஸ்தாவின் பெண் மேடையில் ஓடி, 1941இல் படமானது. பில்ஹணன் 1948. இளவரசிக்குக் குஷ்டம் என்று கவிஞனிடமும், கவிஞனுக்குக் கண் தெரியாது என்று இளவரசியிடமும் பொய் சொல்லி, நடுவில் திரை கட்டிப் பாடம் நடத்தச் சொல்கிற கதை. ஏ.எஸ்.ஏ. சாமி எழுதியது. மனிதன் 1953, ரத்தபாசம் 1954. எல்லாமே முதலில் மேடை, பிறகு படம். நாடகத்தில் நன்றாக வந்ததைப் படமாகவும் ஒருமுறை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி அடுத்த முகாம்.

ரத்தபாசத்தை எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர், யாருக்கும் தெரியாத பெயர். அவருடைய நாடகத்தை வாங்கி மேடையேற்றியது டி.கே.எஸ். குழு. அந்த இளைஞர்தான் பிறகு கல்யாணப்பரிசும் நெஞ்சில் ஓர் ஆலயமும் எடுத்த இயக்குநர் ஸ்ரீதர். ஆளைத் தேர்ந்தெடுக்கும் கண் இந்தக் குழுவுக்கு எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஒன்று போதும். கலைவாணர், கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம், எஸ்.எஸ். ராஜேந்திரன், ஏ.பி. நாகராஜன் என்று அங்கே பயின்று வெளியே வந்தவர்களை எடுத்துவிட்டு ஐம்பதுகளின் தமிழ் சினிமாவை எழுதிப் பாருங்கள், பாதிப் பக்கம் காலியாக இருக்கும். சினிமாவில் சண்முகம் பெயர் ஏன் அடிபடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் பார்த்து ரசித்த பலருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் எடுத்த படங்களிலும் அவர் நடித்திருக்கிறார். அண்ணா எழுதி, ப. நீலகண்டன் இயக்கி, ஏவி.எம். தயாரித்த ஓர் இரவு (1951) அதில் ஒன்று. ஆனால் அவரைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே ஒரு படத்தைக் காட்ட வேண்டும் என்றால் நான் கப்பலோட்டிய தமிழனைத்தான் (1961) போடுவேன். ம.பொ.சி. எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து பி.ஆர். பந்துலு எடுத்தது. சிவாஜி வ.உ.சி., எஸ்.வி. சுப்பையா பாரதியார், சண்முகம் வ.உ.சி.யின் போராட்டத் தோழர் சுப்பிரமணிய சிவா. முதல் பாதியில் மேடைப் பேச்சாளராக அவர் முழங்குவது இயல்பாக இருப்பதில் வியப்பில்லை, நாற்பது வருஷ மேடை அது. நான் சொல்ல வந்தது பின்னால் வருகிற காட்சி.

வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வருகிறார். கூட்டம் திரண்டிருக்கும், மாலை விழும் என்று நாம் நினைக்கிறோம். யாரும் இல்லை. வெறிச்சோடிய வாசலில் துணி போர்த்திய ஒரு நோயாளி. சிறையில் பற்றிய தொழுநோய் அந்த உடம்பை மாற்றிவிட்டது. சிதம்பரம் பிள்ளைக்கே ஆள் தெரியவில்லை. அது சிவா என்று தெரிந்ததும் சிவாஜியின் முகத்தில் நடப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். அடுத்தமுறை பார்க்கும்போது எதிரே நிற்கிறவரைப் பாருங்கள். கையைக் காலை அசைத்து அழவைக்க எத்தனையோ வழி இருக்கிற இடம் அது. அவர் ஒடுங்கி நிற்கிறார், குரலைத் தணிக்கிறார், தன் நோய் நண்பர்மேல் பட்டுவிடக் கூடாதே என்ற கூச்சம்தான் அந்த உடம்பு முழுக்க இருக்கிறது. சிவாஜி கணேசன் பொங்குவதற்கு அந்தப் பக்கம் ஒரு நிதானம் வேண்டும், அதைக் கொடுக்கிறார். எதிராளியை மடக்கிக் கைதட்டு வாங்குகிற ஸ்பெஷல் நாடகக்காரர்களைக் கண்டு வெறுத்த ஒரு வாத்தியாரின் மாணவர் என்பது அங்கே தெரிகிறது.

சரி, அவ்வை.

ஆண்கள் பெண் வேடம் கட்டுவது அன்றைக்குப் புதுமையே இல்லை. பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் ஸ்திரீபார்ட் எல்லாம் பையன்கள்தான். ஆனால் அது இளமைக்கும் அழகுக்கும் உரிய வேடம். மீசை அரும்பி, குரல் தடித்துவிட்டால் ஸ்திரீபார்ட்டை விட்டுவிட்டு ராஜபார்ட்டுக்கு மாறுவார்கள், அது ஒரு பதவி உயர்வு மாதிரி. சண்முகம் செய்தது நேர் எதிர்த் திசை. 1940களின் தொடக்கத்தில், முப்பது வயதில், ஒரு கம்பெனியின் பெரிய நடிகராக நிலைபெற்ற பிறகு, நரைத்த கூந்தலும் கூன் முதுகும் கைத்தடியுமாக ஒரு கிழவி வேடத்தை எடுத்தார். அழகு காட்ட இடமில்லை, காதல் பாட்டு இல்லை, வாள் சண்டை இல்லை. அந்த வேடத்துக்காகப் பல்லையே பிடுங்கிக்கொண்டார் என்று நாடக வட்டாரத்தில் சொல்வார்கள். பொக்கை வாய்க்குக் கன்னம் ஒட்ட வேண்டும், அதேசமயம் தமிழ் ஒரு எழுத்துக்கூடக் குழறாமல் வர வேண்டும். சொல்லிப் பாருங்கள், பல்லில்லாத வாயால் ஆத்திசூடியை.

அவ்வை என்பவள் தமிழர்க்கு யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதியமான் தகடூரிலிருந்து தூது அனுப்பிய சங்ககாலப் புலவரும், ஆத்திசூடி பாடிய பிற்கால அவ்வையும் வேறு வேறு ஆட்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பிரிப்பார்கள். ஜனங்களுக்கு ஒரே பாட்டிதான். திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கூட்டிய முதல் நாளிலிருந்து கூட இருக்கிற பாட்டி. தொண்டைமானின் ஆயுத சாலைக்குள் நின்றுகொண்டு, உன் வேல்கள் நெய் பூசி மயில்பீலி சூட்டி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திய புறநானூற்றுக் கிழவி அவள். அப்படிப்பட்டவளாக மீசை மழித்த ஓர் ஆண் வந்து நின்றால் கொட்டகை சிரிக்குமா, கைகூப்புமா என்பது அந்த முதல் நிமிஷத்தில் முடிவாக வேண்டிய விஷயம். புடவை கட்டிய ஆணைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய கண்கள் நமக்கு. அவர் பெயருக்கு முன்னால் ஜனங்களே அவ்வையைச் சேர்த்துச் சொன்னார்கள், அது நிலைத்துவிட்டது. கொட்டகை சிரிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

இங்கே எனக்குத் தீராத ஒரு குறை உண்டு. மேனகாவைப் படமாக்கினார்கள், குமாஸ்தாவின் பெண்ணைப் படமாக்கினார்கள், இந்த அவ்வை நாடகத்தைப் படமாக்கவில்லை. ஜெமினி நிறுவனம் 1953இல் எடுத்த அவ்வையார் படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். கே.பி.எஸ். குரலுக்கு முன்னால் யார் வாய் திறக்க முடியும்? இன்றைக்கு அவ்வை என்றதும் நம் மனதில் வருகிற உருவமே அவருடையது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் சண்முகத்தின் அவ்வை எப்படித் தடியை ஊன்றி நடந்தாள் என்பதைப் பார்க்க நமக்கு வழியில்லாமல் போனது. ஒரு நடிகரின் பெயரையே மாற்றிய வேடம், பார்த்தவர்களின் நினைவோடு போய்விட்டது.

கமல்ஹாசனுக்கு வருகிறேன். குழந்தை நட்சத்திரமாகச் சில படங்கள் முடித்து, உயரம் கூடி, வாய்ப்புக் குறைகிற வயதில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் டி.கே.எஸ். நாடக சபா. அங்கே எல்லோருக்கும் அவர் சண்முகம் அண்ணாச்சி. பிற்காலத்தில் தன் ஆசான்களின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கமல் அந்த அண்ணாச்சியைச் சொல்லாமல் விட்டதில்லை. அதனால் 1996இல் ஒரு மாமி வேடத்துக்கு அவ்வை சண்முகி என்று பெயர் வைத்ததை நான் வெறும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை, அது குருவுக்கு வைத்த வணக்கம். சங்கரதாஸ் சுவாமிகளிடம் சண்முகம், சண்முகத்திடம் கமல். 1918இல் மதுரையில் ஆறு வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது இத்தனை தூரம் வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. 1955இல் டி.கே.எஸ். குழு அரு. ராமநாதன் எழுதிய இராஜராஜ சோழன் நாடகத்தை மேடையேற்றியது. தம்பி பகவதிதான் இராஜராஜன். பல வருஷங்கள் ஓடிய நாடகம். அதைப் படமாக எடுத்தபோது பகவதியின் வேடத்தில் சிவாஜி வந்தார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. இயக்கியவர் ஏ.பி. நாகராஜன், அதே கம்பெனியில் சிறுவனாக ஸ்திரீபார்ட் கட்டி வளர்ந்தவர். படம் 1973 மார்ச் 31 அன்று வெளியானது. சண்முகம் அண்ணாச்சி அதற்கு ஆறு வாரம் முன்பு, பிப்ரவரி 15இல் காலமாகியிருந்தார்.